மழை தொடாத தெரு

ஃப்ளாரன்ஸில் மழையா? வார இறுதியில் ஊர் சுற்றக் கிளம்பிய மாணவர்கள் தயங்காமல் ரயிலேறிப் போலோன்யா போகலாம். அதிவேக ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. அங்கே குடைக்கு அதிகம் வேலையில்லை. தெருவோரமெங்கும் தூண்கள் தாங்கிய தாழ்வாரங்கள். பழம்பெரும் பல்கலைக்கழகத்தை நாடி மாணவர்கள் வந்து குவிய, இடம் போதாமல் வீட்டு மாடிகள் தெருப்பக்கம் நீண்டன. அவற்றின் அடியில் பிறந்தவை இவை. 1288-இல் நகரச் சட்டமே இவற்றைக் கட்டாயமாக்கியது. குதிரைமேல் வருபவரின் தலை இடிக்காத உயரமும் வேண்டும்! வீட்டுக்காரரின் இடம், ஆனால் நடப்பதற்கு எல்லோருக்கும் உரிமை. எனக்கு இந்த ஏற்பாடு எந்தக் கோபுரத்தையும்விட அழகு. நகரின் கோர்த்தே இசோலானி என்னும் இடத்தில் 13ஆம் நூற்றாண்டின் மரத்தூண்கள் இன்றும் நிற்கின்றன. சான் லூக்கா குன்றுக்கு ஏறும் தாழ்வாரத்தில் மட்டும் 666 வளைவுகள். கிட்டத்தட்ட 4 கி.மீ. நனையாமல் ஏறலாம்.