விழுகிற உடல்

பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை இறக்குகிறவனுக்குத் தெரியும், பாரம் எந்த எலும்பில் உட்காருமென்று. சினிமாவில் அந்தப் பாரம் சண்டைக் கலைஞனுடையது. கண்ணாடியை உடைச்சிக்கிட்டு விழுறது அவன், கைதட்டு கதாநாயகனுக்கு. முகம் தெரியாமல் விழுவதுதான் அவன் தொழில்திறமை.

2025 ஜூலை 13. நாகப்பட்டினம் மாவட்டம் விழுந்தமாவடி. பா. ரஞ்சித்தின் ‘வேட்டுவம்’ படப்பிடிப்பில், கார் பாய்ந்து கவிழும் காட்சியில் மோகன்ராஜ் இறந்தார். சினிமாக்காரர்களுக்கு அவர் எஸ்.எம். ராஜு. முந்தைய ஆண்டு ஜூலையில்தான் ‘சர்தார் 2’ படப்பிடிப்பில் சுமார் 20 அடி உயரத்திலிருந்து விழுந்து ஏழுமலை இறந்திருந்தார்.

பாதுகாப்பு ஏற்பாடு செய்திருந்ததாக ரஞ்சித் தரப்பு சொன்னது. போலீஸ் வழக்குப் போட்டது. அதைக் கோர்ட்டு பார்த்துக்கொள்ளட்டும். நம்ம கேள்வி வேற. உழைக்கும் உடலின் மாண்பைத் திரைக்குக் கொண்டுவந்தவர் ரஞ்சித். ‘சார்பட்டா பரம்பரை’யில் (2021) ஒவ்வொரு குத்துக்கும் வரலாறு உண்டு. அந்தப் பார்வை கேமராவுக்குப் பின்னாலும் திரும்பணுமில்லையா? நம்ம ஆளு என்று வாயைப் பொத்திக்கொள்வது விமர்சனமாகாது.

தேசிய விருதில் சண்டைக்காட்சிக்கு இடம் கிடைத்ததே 2017இல்தான். அதுவும் காட்சியை அமைத்தவருக்கு, விழுந்தவருக்கு இல்லை. கம்ப்யூட்டரில் கடலையே உண்டாக்குறாங்க. ஒரு காரைக் கவிழ்க்க ஏன் உள்ளே ஆள் உட்காரணும்?