பிள்ளையைக் காட்டச் சொல்லும் உத்தரவு

2022ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஓர் உத்தரவு போட்டார். பிரிந்து வாழும் கணவனோ மனைவியோ பிள்ளையைப் பார்க்க வரும்போது, மற்றவர் அவரை விருந்தாளியாக மதித்துத் தேநீரும் சிற்றுண்டியும் கொடுக்க வேண்டும் என்றது அது. தலைமை நீதிபதி முனீஸ்வர் நாத் பண்டாரி தலைமையிலான அமர்வு அதே ஆண்டில் அந்த விருந்தோம்பல் கட்டளையை நிற்கவிடவில்லை.

முதல் உத்தரவின் நோக்கம் நல்லது. பெற்றோர் முகம் திருப்பி நிற்கும் வீட்டில், யாரிடம் சிரித்தால் யாருக்குக் கோபம் வரும் என்று பிள்ளை கணக்குப் போடத் தொடங்கிவிடும். ஆனால் அடி உதைக்குத் தப்பி வந்த பெண்ணும் காபி ஆற்றித் தர வேண்டுமா? அமர்வு செய்ததே சரி.

அத்தோடு பிரச்சினை தீரவில்லை. ஜவ்வாது மலையடிவாரத்துச் சந்தவாசலில் ஒரு தாய் பிள்ளையோடு பிறந்த வீட்டில் இருக்கிறாள், தகப்பனுக்குப் பெங்களூரில் வேலை என்று வைத்துக்கொள்வோம். ‘மாதம் இரண்டு ஞாயிறு, காலை 10 முதல் மாலை 5 வரை’ என்று உத்தரவு. எங்கே? மாமனாரும் மச்சானும் உட்கார்ந்திருக்கும் திண்ணையிலா? படவேடு ரேணுகாம்பாள் கோயிலில் என்றால், ஆடிக் கூட்டத்தில் என்ன செய்வது? பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மாற்று நாள் எது? இவற்றை எழுதாத உத்தரவு அடுத்த சண்டைக்கு விதை.

மீறினால் நிறைவேற்று மனு போடலாம். 1984ஆம் ஆண்டு குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 18ஆம் பிரிவு அதற்கு வழி தருகிறது. ஆனால் வாய்தா மேல் வாய்தா போவதற்குள் மூன்று வயதுப் பிள்ளைக்குத் தகப்பன் முகம் மறந்துவிடும். தாயைச் சிறைக்கு அனுப்பினாலோ தண்டனை பிள்ளைக்குத்தான். இங்கிலாந்தில், மீறுபவரை ஊதியமில்லாப் பொதுவேலை செய்ய வைக்க 2006ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தந்தது. அதையும் கடைசிப் படியாகவே ஏற்பேன். முதல் படி, இழந்த நேரத்தை உடனே ஈடுகட்டுவது. அதற்கான மனுவைச் சில வாரங்களுக்குள் முடிக்க வேண்டும்.

‘ஜீவனாம்சம் கட்டவில்லை, பிள்ளையைக் காட்ட மாட்டேன்’ என்ற வாதம் நம் ஊர்களில் அடிக்கடி எழுகிறது. தாயின் ஆத்திரம் நியாயமானது. பள்ளிக் கட்டணத்துக்குக் கடன் வாங்குபவள் அவள்தானே. ஆனாலும் சோறும் தகப்பனும் இரண்டுமே பிள்ளைக்குரியவை. பணத்தைத் தனி மனுவில் கறாராக வசூலிக்க வேண்டும்.

பெற்றோர் வெவ்வேறு ஊர்களில் இருந்தால் காணொளி அழைப்பில் பேச வழி செய்யலாம் என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெங்களூர்த் தகப்பனுக்கு அது உதவும். மடியில் உட்கார வைப்பதற்கு அது ஈடாகாது.

பெற்றோர் பொறுப்புத் திட்டம், சமரசம் ஆகியவற்றைப் பரிந்துரைத்த சட்ட ஆணையத்தின் 257ஆவது அறிக்கை 2015இலேயே வந்துவிட்டது. புதுச் சட்டத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை. இடம், நேரம், ஒப்படைப்பவர், மாற்று நாள் நான்கையும் எழுதாமல் எந்தச் சந்திப்பு உத்தரவிலும் குடும்ப நீதிபதிகள் கையெழுத்திடக் கூடாது. தாலுகா சட்டப் பணிகள் குழுக்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளையைக் கைமாற்ற ஒரு பொது அறையைத் திறந்துவைக்க வேண்டும்.