திரெட்நீடில் தெரு ஏலம்

லண்டன் திரெட்நீடில் தெருவிலுள்ள பேங்க் ஆஃப் இங்கிலாந்து நடத்தும் கடன் ஏலத்தில் கூச்சல் கிடையாது. ஆறு மாதக் கடனுக்கு வங்கிகள் தங்கள் ஏலக் கேள்வியை ஒன்றுக்கொன்று தெரியாமல் அனுப்புகின்றன. அடிப்படை வட்டிக்கு மேல் ஒரு வங்கி 0.15 சதவீதம் கேட்டிருக்கும், இன்னொன்று 0.08. கடைசியாகத் தேறியது 0.05 என்றால், அதே வகைப் பிணை கொடுத்து வென்ற எல்லோருக்கும் 0.05தான்! எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. அவசரத்தில் கூட்டிக் கேட்டவரும் கூடுதலாகக் கட்டுவதில்லை. மனதிலுள்ள மதிப்பைத் தயங்காமல் எழுதலாம்.

2007இல் நார்தர்ன் ராக் வங்கி வாசலில் பணத்தை எடுக்க மக்கள் வரிசை கட்டிய பிறகு, ஆக்ஸ்ஃபோர்டு பொருளியலாளர் பால் கிளெம்பெரர் வடிவமைத்த முறை இது. 2010இல் நடைமுறைக்கு வந்தது. இதேபோல் கிரிப்டோ சந்தையிலும் ஆர்டர்களைக் கொத்தாகச் சேர்த்து ஒரே விலையில் முடிக்கும் ஏலங்கள் உண்டு. வேகத்தால் முந்திக்கொண்டு லாபம் பார்ப்பது அங்கே கடினம். சிறு முதலீட்டாளருக்கு அதுவே நியாயமான சந்தை.