கோயிற்பிரிவும் முறைப்பெயரும்

அமைப்பியல் நமக்குப் புதிதன்று, தொல்காப்பியத்திலேயே உண்டு என்று கூறி மகிழ்வார் உளர். பெருமை பேசுதல் எளிது. ஒரு கொள்கையை நம் மண்ணில் உரைத்துப் பார்த்தலே அரிது.

சொல்லின் மதிப்பு பிற சொற்களினின்று அது வேறுபடும் நிலையால் அமைவது என்பது, சசூர் மறைந்தபின் 1916-இல் வெளிவந்த மொழியியல் நூலின் கருத்து. லெவி-ஸ்திராசு 1949-இல் இந்நோக்கை மணவுறவு ஆராய்ச்சிக்கு விரித்தார். தமிழவன் 1982-இல் இக்கொள்கையைத் தமிழில் தனிநூலாகத் தந்தார். எனினும் தமிழரின் முறைப்பெயர்களைத் தொட்டு ஆராய்ந்த லூயி துய்மோனின் 1953-ஆம் ஆண்டுக் கட்டுரையே ஈண்டு நமக்கு வேண்டுவது.

மாமன் என்னும் பெயர் தாயின் உடன்பிறந்தான் என்ற குருதித் தொடர்பை முதற்கண் சுட்டுவதன்று. தந்தைக்கு மணவழி உறவினன் என்பதையே சுட்டும் என்பது அவர் துணிபு. ராட்கிளிஃப்-பிரவுன் அதனை உடனே மறுத்தார். தமிழறிந்தார்க்கு இதில் மயக்கம் வேண்டா. தாயுடன் பிறந்தானும் அத்தை கணவனும் மனைவியின் தந்தையும் மாமன் என்றே விளிக்கப்பெறுகின்றனர். சிற்றப்பனோ தந்தைக்குத் தம்பியும் ஆவான். சிற்றன்னைக்குக் கணவனும் ஆவான். துய்மோன் பக்கமே வழக்குச் சாய்கின்றது.

இனிச் செட்டிநாட்டை நோக்குவோம். கொத்தமங்கலம் முதலாய ஊர்களுக்குரிய நகரத்தார் ஒன்பது கோயிற்பிரிவினர். பொதுவாக ஒரு கோயிலார் தம்முள் பெண் கொள்ளார். எனவே, கோயில் வேறாயின் மணம் கூடும் எனக் கருதத் தோன்றும். அவ்வாறன்று. ஒருவனுடைய தாயின் தங்கை வேறொரு கோயிலார் வீட்டில் வாழ்க்கைப்படுகின்றாள் எனக் கொள்வோம். அவள் மகள் இவனுக்கு வேறு கோயிலாள், எனினும் தங்கையே. அத்தை மகளும் வேறு கோயிலாளே; அவளோ முறைப்பெண். இவ்விருவரையும் கோயில் பிரித்துக் காட்டவில்லை. முறைப்பெயரே பிரித்துக் காட்டுகின்றது. அமைப்பியலுக்கு இதனினும் வலிய சான்று வேண்டுமோ?

ஆயின் இரணியூர்க் கோயிலாரும் பிள்ளையார்பட்டிக் கோயிலாரும் கோயில் இரண்டாயினும் உடன்பிறப்பு முறையினராகி மணம் விலக்குவர். பிற கோயில்களை விடுத்து இவ்விரண்டற்கு மட்டும் இவ்விலக்கு ஏன்? முறைப்பெயர்களை எத்துணை அடுக்கினும் விடை கிடையாது. அது முன்னை வரலாற்றைக் கேட்டறிய வேண்டுவது. அமைப்பியலார் ஒதுக்கிவைத்த வரலாறும் அதுவே. நம் ஆய்வு மாணவர் முறைப்பெயர்ப் பட்டியல்களைத் தொகுக்கின்றனர். அவற்றில் மணமக்களின் கோயிற்பெயரைத்தான் காணோம்.