ஓக் விறகின் பதம்

டெக்சாஸ் மாநிலத்து லாக்ஹார்ட்டில் கறிக்கடை என்றாலே போஸ்ட் ஓக் விறகுதான். மத்திய டெக்சாஸ் முழுக்க மலிந்து கிடக்கும் மரம் அது. அந்தப் பக்கத்துக் கடைகள் பலவற்றில், பிரிஸ்கெட் எனப்படும் மாட்டு நெஞ்சுக்கறியைச் சுமார் 120 டிகிரி செல்சியஸ் சூட்டில் 12 மணி நேரத்துக்கும் மேலாகப் புகையிலேயே வேகவிடுவார்கள். உப்பும் மிளகுத்தூளும் போதும். மீதி ருசி விறகினுடையது.

ஆனால் விறகு பதமாக இருக்க வேண்டும். பச்சைக்கட்டை வெள்ளைப் புகையாகக் கக்கி, கறியில் கசப்பை ஏற்றிவிடும். அளவுக்கு மீறிக் காய்ந்ததோ சடசடவென்று எரிந்து தீர்ந்துவிடும். பிளந்து, மாதக்கணக்கில் காற்றாட அடுக்கிவைத்த கட்டையின் வெட்டுமுகத்தில் வெடிப்பு ஓடியிருக்கும். இரண்டைத் தட்டினால் ‘ணங்’கென்று கேட்கும். அதைச் சுடர்விட்டு எரியவிட்டால் புகைபோக்கியில் மெல்லிய நீலப்புகை தெரியும். மரத்திலுள்ள லிக்னின் என்ற பொருள் சூட்டில் சிதைந்துதான் அந்த வாசமே பிறக்கிறது. என்ன அழகான வாசம்!

மேற்கு டெக்சாஸின் மெஸ்கீட் நம் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய சொந்தம். தணல் கடுமை, புகை காரம். சட்டென்று வாட்டியெடுக்கும் கறித்துண்டுக்கு அதற்கு இணையில்லை. ராத்திரி முழுக்க வேகும் கறிக்கு ஓக்கே என் தேர்வு.

பைன் போன்ற பிசின் மரத்தையும், பெயின்ட் அடித்த பழைய பலகையையும் மட்டும் கறி அடுப்பில் வைத்துவிடாதீர்கள்.