எம்க்யூ பிழைப் பதிவு

நிரல்களுக்கிடையே செய்தி பரிமாறும் மென்பொருளான ஐபிஎம் எம்க்யூவின் பிழைப் பதிவைப் படிப்பதில் தனி ருசி உண்டு. நடந்தது என்ன, ஏன், அடுத்துச் செய்யவேண்டியது என்ன என்று ஒவ்வொரு பதிவும் பிரித்துப் பேசும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது 2035 என்ற பிழைக் குறியீடு. இணைய வந்த நிரலுக்கு ‘அனுமதி இல்லை’ என்பதற்கு மேல் எதுவும் கிடைக்காது. காரணம் வேண்டுமா, சர்வரில் ஏஎம்க்யூஇஆர்ஆர்01 கோப்பைத் திறக்கவேண்டும். சேனல் விதி தடுத்திருந்தால் ஏஎம்க்யூ9777 என்ற செய்தி அங்கே இருக்கும்: எந்தச் சேனல், எந்த முகவரி, எந்தப் பயனர், எல்லாம். வாசலில் நிற்கும் அந்நியரிடம் வீட்டு விவரம் சொல்லாத அடக்கம் அது, யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

எம்க்யூவுக்குள்ளேயே கோளாறு நேர்ந்தால் அது எழுதிவைக்கும் எஃப்டிசி கோப்பு இன்னும் ஆழம். கோளாறு நேர்ந்த கணத்தில் எந்தச் செயற்கூறு எதை அழைத்தது என்ற அடுக்கு அப்படியே பதிந்திருக்கும். இப்படிப் பல கோப்புகள் இருக்கும்போது பலர் கடைசிக் கோப்பைத்தான் திறக்கிறார்கள். நேரத்தை ஒப்பிட்டு, முதலில் விழுந்ததைத் திறந்து பாருங்கள்.