கட்டாயமற்றதைக் கட்டாயமாக்கியவர்
(அபுல் அலா அல்மஅர்ரியின் ஐயமும் ஈமானும்)

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள், அஸர் தொழுகைக்குப் பின் அன்பர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். முகத்தில் கலக்கம் தெரிந்தது.

“ஹஸ்ரத், என் மகன் அல்லாஹ்வை மறுக்கவில்லை. வீட்டில் தொழுகிறான். ஆனால் ஜும்ஆவுக்கு வர மறுக்கிறான். பள்ளிவாசலின் வரவு செலவைக் கேட்டிருக்கிறான். உனக்கெதற்கு என்று அதட்டியிருக்கிறார்கள். அன்று முதல், ‘படைத்தவனை நம்புகிறேன், அவன் பெயரால் அதிகாரம் செய்வோரை நம்பவில்லை’ என்கிறான். அரபுப் புலவர் ஒருவரையும் சான்றுக்கு அழைக்கிறான். இவன் மார்க்கத்தில் இருக்கிறானா, போய்விட்டானா?”

மகன் சான்றுக்கு அழைத்த புலவர் அபுல் அலா அல்மஅர்ரி. அத்தந்தைக்கு அன்று நான் சொன்ன விடை அரைகுறையானது. முழு விடை சொல்ல வேண்டுமாயின், அப்புலவரின் நூலை நடுநிலையோடு ஆராய வேண்டும். அம்முயற்சியே இக்கட்டுரை.

சிரியா நாட்டில் ஹலபு நகருக்குத் தெற்கே உள்ள மஅர்ரத்துன் நுஃமான் என்னும் ஊரில் 973ஆம் ஆண்டு (ஹிஜ்ரி 363) அவர் பிறந்தார். நான்கு வயதளவில் பெரியம்மை அவருடைய பார்வையைப் பறித்தது. முப்பத்தைந்து வயதளவில் பக்தாது சென்று, ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு தங்கி, 1010இல் ஊர் திரும்பினார். அதன்பின் 1057இல் மறையும்வரை வீட்டோடு ஒடுங்கி வாழ்ந்தார். பார்வையின்மை ஒரு சிறை, வீடு மற்றொரு சிறை எனக் கருதி, தம்மை இரு சிறைகளின் கைதி என்று அழைத்துக்கொண்டார். மணம் புரியவில்லை. இறைச்சியை மட்டுமன்றிப் பாலையும் முட்டையையும் தேனையுங்கூட விலக்கினார்.

இவரைப் பற்றி அறிஞரிடையே இருவேறு தீர்ப்புகள் உண்டு. பக்தாதின் இப்னுல் ஜவ்ஸீ (மறைவு 1201) இவரை ஸிந்தீக்குகள் மூவருள் ஒருவராக வைத்தார். ஹலபின் வரலாற்றாசிரியர் இப்னுல் அதீமோ (மறைவு 1262), இவர்மீது சுமத்தப்பட்ட அநீதியைக் களையவென்றே தனி நூல் எழுதினார். சென்ற நூற்றாண்டில், தாமும் பார்வை இழந்தவரான எகிப்திய அறிஞர் தாஹா ஹுஸைன், 1914இல் இவரைப் பற்றி ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றார். 2013இலோ, சிரியாவின் உள்நாட்டுப் போரில், சொந்த ஊரில் நின்ற இவருடைய உருவச் சிலையின் தலையை ஆயுதம் தாங்கியோர் வெட்டினர். சிலைகளைப் பற்றி மார்க்கம் சொல்வதை நாம் அறிவோம். ஆயினும், மறைந்து ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் ஆன பின்னும் பார்வையற்ற ஒரு புலவர்மீது இத்துணைச் சினம் எழுமாயின், அவர் எழுப்பிய வினாக்கள் இன்னும் ஆறவில்லை என்பதே பொருள்.

அவ்வினாக்கள் அடங்கிய நூல் ‘லுஸூமு மா லா யல்ஸம்’ என்பது. கட்டாயமற்றதைக் கட்டாயமாக்கிக் கொள்ளுதல் என்பது இப்பெயரின் பொருள். இது முதலில் யாப்பைக் குறிப்பது. தமிழில் எதுகை, அடியின் தொடக்கத்தில் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது. அரபுக் கவிதையில் ஒலியொப்புமை அடியின் இறுதியில் அமையும். ஈற்றில் ஒரு மெய் ஒன்றி வந்தால் பெரும்பாலும் போதும். மஅர்ரியோ, அதற்கு முந்திய மெய்யும் ஒன்ற வேண்டும் என்று தமக்குத் தாமே விதித்துக்கொண்டு, அரபு நெடுங்கணக்கின் எழுத்துகள் அனைத்திற்கும் அவ்வாறே பாடி முடித்தார்.

இனி நூலின் உள்ளே செல்வோம். தந்தை எச்சமயத்தவரோ மகனும் அச்சமயத்தவன். இதில் ஆராய்ச்சிக்கு இடமெங்கே என்று கேட்கிறார். மிம்பரில் ஒன்றும் மனையில் ஒன்றுமாக வாழும் உபதேசிகளைச் சாடுகிறார். மார்க்கத்தைச் செல்வத்திற்கும் தலைமைக்கும் ஏணியாக்கியோரை விடாது துரத்துகிறார். வரப்போகும் ஓர் இமாமுக்காகக் காத்திருப்போரை நோக்கி, அறிவு என்னும் வழிகாட்டியை மறந்தீரே என்று இடித்துரைக்கிறார். முஸ்லிம்கள், கிறித்தவர்கள், யூதர்கள், நெருப்பை வணங்குவோர் ஆகிய எவரும் அவர் நாவுக்குத் தப்பவில்லை.

இவற்றை மட்டும் தொகுத்து, இவர் இறைமறுப்பாளர் என்று கொண்டாடுவோர் இன்று உளர். அவர்கள் நூலின் மறுபாதியைப் படிப்பதில்லை. படைத்தவன் ஒருவன் உளன் என்பதில் இந்நூல் உறுதியோடு நிற்கிறது. அவனுடைய ஆற்றலின் முன் மனிதன் துரும்பு என்பதை அது மீண்டும் மீண்டும் சொல்கிறது. இவருடைய மற்றொரு நூலான ‘அல்ஃபுஸூல் வல்காயாத்’, திருமறைக்குப் போட்டியாக எழுதப்பட்டது என்று நெடுங்காலம் பழிக்கப்பட்டது. அதன் ஒரு பகுதி 1938இல் கெய்ரோவில் அச்சேறியபோது பார்த்தால், பக்கந்தோறும் இறைவனைப் புகழ்வதும் நெஞ்சுக்கு அறிவுரை கூறுவதுமாகவே இருந்தது. படிக்காமலே பழித்தோர் எத்தனை பேர் என்பதை எண்ணி நாம் வெட்க வேண்டும்.

ஆயினும், அன்பின் மிகுதியால் அவரை முற்றிலும் வெள்ளையடித்துக் காட்டுவதும் நேர்மையாகாது. தூதுத்துவத்தையும் வேதங்களையும் தொட்டு ஐயுறும் பாடல்கள் ‘லுஸூமில்’ உள்ளன. மறுமையில் எழுப்பப்படுதலை ஓரிடத்தில் உறுதியாகச் சொல்பவர், பிறிதோரிடத்தில் தடுமாறுகிறார். ஈமான் கொண்ட நாம் அவற்றை ஏற்க இயலாது. கலைநோக்கிலும் குறையுண்டு. தாமே பூட்டிக்கொண்ட தளையின் இறுக்கத்தால் அரிய சொற்களைத் தேடிப் புகுத்துகிறார். சொன்னதையே திரும்பச் சொல்கிறார். தொடர்ந்து படிப்போர்க்குச் சோர்வு தட்டுகிறது.

இத்தனை குறைகளுக்கும் அப்பால் என் நெஞ்சைத் தொடுவது அந்த நூற்பெயரே. அது யாப்புக்கு மட்டும் உரிய பெயரன்று. அவருடைய வாழ்வுக்கும் அதுவே பெயர். மனிதர் வகுத்த கட்டுப்பாடுகளை ஐயுற்றவர், தமக்கென அவற்றினும் கடுமையான கட்டுப்பாடுகளை வகுத்துக்கொண்டார். ஆண்டில் பெரும்பகுதியும் நோன்பிருந்தார். 1047இல் அவ்வூர் வழியே சென்ற பாரசீகப் பயணி நாஸிர் குஸ்ரவ், முரட்டுக் கம்பளி உடுத்து வாற்கோதுமை ரொட்டி உண்டு வாழ்ந்த இவரிடம், பல திசைகளிலிருந்தும் இருநூறுக்கு மேற்பட்டோர் வந்து பாடம் கேட்டதாகக் குறித்துள்ளார். சுகம் தேடிய ஐயம் இப்படி வாழாது.

ஐயத்தை எடைபோட இதுவே தக்க தராசு என்பேன். ஐயம் ஒருவனை எதிலிருந்து அவிழ்த்துவிட்டது என்பதோடு, எதனோடு பிணைத்தது என்பதையும் பார்க்க வேண்டும். கடமையிலிருந்து நழுவுவதற்கு ஐயத்தைப் போர்வையாக்குவோன் ஒருவன். உண்மையின்மீது கொண்ட பற்றால் ஐயுறுவோன் மற்றொருவன். இருவரையும் ஒரே பெயரால் அழைத்து வாசலை அடைப்பது அறிவன்று. இறந்தோரை எவ்வாறு உயிர்ப்பிப்பாய் என்று காட்டும்படி இப்ராஹீம் நபி (அலை) இறைவனிடமே கேட்டார்கள். உள்ளம் அமைதியுறவே கேட்டார்கள். அக்கேள்விக்காக இறைவன் அவர்களைத் தள்ளிவிடவில்லை.

மஅர்ரியிடமிருந்து நான் விலகும் இடம் ஒன்றுண்டு. அவர் மறைந்த மறு ஆண்டில், 1058இல், இமாம் கஸ்ஸாலி (ரஹ்) பிறந்தார்கள். அவர்களையும் ஐயம் வாட்டியது. பக்தாதில் தாம் வகித்த பெரும்பதவியில் புகழாசை கலந்திருப்பதைக் கண்டு, 1095இல் அதைத் துறந்து வெளியேறினார்கள். ஆண்டுகள் பல அலைந்தபின், 1106இல் நைஸாபூரில் மீண்டும் பாடம் நடத்த அமர்ந்தார்கள். மஅர்ரி கதவைச் சாத்திக்கொண்டு தம்மைக் காத்தார். நாடி வந்தோர்க்கே அவருடைய அறிவு கிட்டியது. கஸ்ஸாலியோ வெளியேறித் தம்மைத் திருத்திக்கொண்டு, பிறரைத் திருத்த மீண்டார்கள்.

அத்தந்தைக்கு இப்போது என் முழு விடையைச் சொல்கிறேன். உங்கள் மகன் மார்க்கத்தை விட்டுப் போய்விடவில்லை. பைத்துல்மால் கணக்கைக் கேட்பது பாவமுமன்று; கலீஃபா உமர் (ரலி) அவர்களிடமே மக்கள் கணக்குக் கேட்டதாகச் சொல்லி நாம் பெருமைப்படுகிறோம். கேட்டவனை அதட்டியோரே தவறு செய்தனர். ஆனால் மகனுக்கும் ஒரு சொல் உண்டு. தொழுகை வரிசை முத்தவல்லியின் உடைமையன்று. அவர்மீதுள்ள கோபத்தால் நீ அதை அவருக்கே விட்டுக்கொடுக்கிறாய். வரிசையில் வந்து நில். தொழுது முடித்தபின் எழுந்து கணக்கைக் கேள். நானும் உன் அருகில் நின்று கேட்கிறேன்.

உண்மையை உண்மையாகக் காணும் கண்ணை அல்லாஹ் நம் அனைவர்க்கும் அருள்வானாக!